'ஓகே'ன்னு மட்டும் ரிப்ளை வந்தா என்ன அர்த்தம்?

வணக்கம் மக்களே. இன்னிக்கு வெளிய எங்கயும் போகல, இதே ரூம், இதே நாற்காலி, ஏன்னா பேசப் போறதே இந்த நாற்காலில உக்காந்து வேலை பாக்கறத பத்தி தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டீம்ல சேந்தேன், முழுக்க ரிமோட், ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. அதுல ஒரு சீனியர். நான் பத்து வரிக்கு மெசேஜ் அனுப்பினா நாலு மணி நேரம் கழிச்சு 'ஓகே'ன்னு வரும், அவ்ளோதான். எனக்கு மனசுல ஓடிட்டே இருக்கும், என் வேலை புடிக்கலையா இல்ல என்னையே புடிக்கலையான்னு. கொஞ்ச நாள்ல அவர்கிட்ட சந்தேகம் கேக்கறதையே நிறுத்திட்டேன். அவர கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும் ஒரு விஷயம், அத நானே ரெண்டு நாள் தேடிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஒரு சர்வர் பிரச்சனை, ஆன்லைன் கால்ல நாங்க ரெண்டு பேரு மட்டும். ஒரு ஸ்க்ரிப்ட் ஓடி முடிய இருபது நிமிஷம் ஆகும், அது வரைக்கும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா பேச ஆரம்பிச்சோம். அப்பா படுத்த படுக்கையா இருக்காரு, பகல்ல நான் தான் பாத்துக்கறேன், பாதி ரிப்ளை ஒரு கையால தான் போடறேன்னு சொன்னாரு. நான் தயங்கி தயங்கி அந்த 'ஓகே' பத்தி கேட்டேன். "நீங்க எழுதறது தெளிவா இருக்கும், திருப்பி கேக்க ஒண்ணும் இருக்காது, அதான் ஓகே"ன்னாரு. பாருங்க, அவரு பாராட்டா நெனச்சு போட்டத நான் அத்தன மாசம் கோபம்னு படிச்சிருக்கேன்.

இது என் ஒருத்தன் கத இல்ல மக்களே. கேத்தரின் க்ராம்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், வேற வேற ஊர்ல இருந்துட்டு ஒண்ணா வேலை பாத்த டீம்கள வெச்சு 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல அவங்க சொல்ற பெரிய சிக்கல்ல ஒண்ணு மௌனம். பதில் வரலன்னா அதுக்கு நூறு காரணம் இருக்கலாம், மெயில் போகாம இருந்திருக்கலாம், லீவா இருக்கலாம், சம்மதம்னு நெனச்சு சும்மா விட்டிருக்கலாம். ஆனா எதிர்ல இருக்கறவங்க சூழ்நிலை நமக்கு தெரியாததால, நேரா அந்த ஆள் மேலயே பழி போட்டுடறோம். சோம்பேறி, பொறுப்பில்லாதவரு, திமிரு. ஆபீஸ்ல இருந்தா அந்த சீனியர் முகம் வாடி இருக்கறது கண்ணுல பட்டிருக்கும், என்னாச்சுன்னு யாராவது கேட்டிருப்பாங்க.

அதுக்காக ஆபீஸ் போனா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில தாமஸ் ஆலன்னு ஒரு பேராசிரியர் இன்டர்நெட் வர்றதுக்கு முன்னாடியே, 1970கள்ல, இன்ஜினியர்கள் யார் கூட எவ்ளோ பேசறாங்கன்னு அளந்து பாத்தாரு. உக்கார்ற இடத்துக்கு நடுவுல தூரம் கூட கூட பேச்சு சரசரன்னு குறையுது, 50 மீட்டர் தாண்டினா கிட்டத்தட்ட நின்னே போயிடுது. ஒரே பில்டிங்லயே இந்த கதின்னா, வேற ஊர்ல இருக்கற ஆள நெனச்சு பாருங்க.

2020ல எல்லாரும் வீட்டுக்கு போனப்ப என்ன ஆச்சுன்னு மைக்ரோசாஃப்ட் தன்னோட 61,000 பேருக்கு மேல உள்ள ஊழியர்கள வெச்சு ஆராய்ஞ்சுது. சொந்த டீமுக்குள்ள நெருக்கம் கூடியிருக்கு, ஆனா மத்த டீம்களோட இருந்த தொடர்பு குறைஞ்சிருக்கு. லிஃப்ட்ல பாத்து தலையாட்டற அந்த பக்கத்து டீம் ஆளு இருக்காருல்ல, அவரு தான் காணாம போனாரு. நம்ம டீம்ல யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவருக்கு தான் தெரிஞ்சிருக்கும், அத மறந்துடாதீங்க.

இதுக்கு நிறைய கம்பெனி என்ன பண்றாங்கன்னா வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆன்லைன் கேம்ஸ் வெக்கறாங்க. நல்ல எண்ணம் தான், நான் தப்பு சொல்லல. ஆனா முப்பது பேர் இருக்கற கால்ல பேசறது நாலு பேரு, மத்தவங்க மியூட்ல, எப்ப முடியும்னு மணி பாத்துட்டு. கேமராவ கட்டாயம் ஆன் பண்ணுன்னு சொல்றதும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருக்கற ஜெரமி பெய்லன்சன் 2021ல எழுதினாரு, நாள் முழுக்க எல்லார் முகத்தையும் கிட்டத்துல பாத்துட்டு, கூடவே நம்ம முகத்தையும் பாத்துட்டே இருக்கறது மூளைக்கு பெரிய பாரம்னு.

என் அனுபவத்துல நெருக்கம் வந்ததெல்லாம் அந்த இருபது நிமிஷம் மாதிரி நேரத்துல தான், ரெண்டே பேரு, கையில ஒரு நிஜமான வேலை, நடுவுல கொஞ்சம் காத்திருப்பு. அதனால இப்ப வாரத்துல ஒரு மணி நேரம் யாராவது ஒருத்தர் கூட ஸ்க்ரீன் ஷேர் போட்டு ஒண்ணா வேலை பாக்கறேன், முடிஞ்சா வேற டீம் ஆளா பாத்து. பேசணும்னு ஒண்ணும் இல்ல, சில நாள் கீபோர்டு சத்தம் மட்டும் தான் கேக்கும், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல அவங்க எதுக்கு அலுத்துக்கறாங்க, எங்க சிக்கிக்கறாங்கன்னு தெரிஞ்சுடுது. இன்னொண்ணு, மூணு மெசேஜ் போயும் புரியலன்னா டைப் பண்றத விட்டுட்டு போன் பண்ணிடுவேன். எழுத்துல கோபமா தெரியறது குரல்ல வெறும் களைப்புன்னு தெரிஞ்சுடும். அப்புறம் நம்ம பக்கத்தையும் சொல்லிடணும், 'மத்தியானம் ரெண்டு மணி நேரம் இருக்க மாட்டேன், ரிப்ளை லேட்டாகும்'னு ஒரு வரி. காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

ஹைப்ரிட்ல, அதாவது சில நாள் ஆபீஸ், சில நாள் வீடுன்னு இருக்கறதுல, வர்ற வலி வேற மாதிரி. அஞ்சு பேரு மீட்டிங் ரூம்ல, ரெண்டு பேரு ஸ்க்ரீன்ல. கால் கட் ஆனதும் ரூம்ல பேச்சு தொடருது, முடிவு அங்க மாறுது, ஸ்க்ரீன்ல இருந்தவங்களுக்கு அடுத்த வாரம் தான் தெரியுது. எனக்கே இது நடந்திருக்கு, அன்னிக்கு இந்த டீம்ல நான் யாருன்னு தோணிச்சு. ஒருத்தர் ரிமோட்னா எல்லாருமே அவங்கவங்க லேப்டாப்ல சேருங்க, கால் முடிஞ்சப்புறம் பேசினத க்ரூப்ல ஒரு வரி எழுதுங்க. ஆபீஸ் போற நாளையும் டீம்ல பேசி ஒரே நாளா வெச்சுக்கங்க, இல்லன்னா அவ்ளோ தூரம் போயும் ஹெட்ஃபோன் மாட்டிட்டு அதே கால் தான். ஹைப்ரிட்டே வேணாம்னு சொல்றவங்களுக்கு, நிக்கோலஸ் ப்ளூம்னு ஒரு பொருளாதார பேராசிரியரோட குழு 2024ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ட்ரிப்.காம்னு ஒரு ட்ராவல் கம்பெனில 1,612 பேர வெச்சு. வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து பாத்தவங்க மத்தவங்க அளவுக்கே வேலை பாத்தாங்க, வேலைய விட்டு போறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது.

சரி, மூணு மணிக்கு எனக்கு ஒரு கால் இருக்கு. எங்க டீம்ல புதுசா ஒரு பொண்ணு சேந்து ரெண்டு வாரம் ஆச்சு, எல்லாத்துக்கும் 'ஷ்யூர்'னு தான் ரிப்ளை, இது வரைக்கும் ஒரு சந்தேகம் கூட கேக்கல. அது எனக்கு உறுத்திட்டே இருக்கு. இன்னிக்கு அஜெண்டா எதுவும் போடல, உங்க ஸ்க்ரீன ஷேர் பண்ணுங்க, சேந்து உக்காருவோம்னு மட்டும் சொல்லியிருக்கேன். போயிட்டு வரேன்.