சூரியனுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

(நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தமது அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இத்தனை நாற்காலிகளையும் எங்கிருந்தோ வரவழைத்த நூலகர் அம்மா அவர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பின்னால் நிற்கும் என் தெருவோர வியாபாரிகள் சங்கத்து உறவுகளே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தனிமனித சுதந்திரச் சிந்தனையாளர்கள்’. நான்கு பேரைப் பற்றிப் பேசுவதாக உத்தேசம்: பிரான்சின் பாஸ்தியா, வியன்னாவில் பிறந்த ஹாயெக், அமெரிக்காவின் மில்டன் ஃப்ரீட்மன், நம்முடைய ராஜாஜி. நேரம் இருந்தால், 1943 என்ற ஒரே ஆண்டில் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்த மூன்று பெண்களையும் பார்க்கலாம்: இசபெல் பேட்டர்சன், ரோஸ் வைல்டர் லேன், அய்ன் ராண்ட்.

பாஸ்தியா 1801இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து தாத்தாவிடம் வளர்ந்தார். காசநோயோடு மல்லுக்கட்டி 1850இல் ரோமில் இறந்துபோனார். அவர் 1845இல் ஒரு மனு எழுதினார். மனு என்றதும் பின்வரிசையில் சிரிப்பதைப் பார்க்கிறேன். நம்மைவிட மனு எழுதியவர்கள் யார்? ஆனால் இந்த மனு வேறு ரகம், வெளிநாட்டுச் சரக்கைத் தடுக்கச் சட்டம் கேட்டவர்களைக் கேலி செய்யும் நையாண்டி.

மெழுகுவத்தி செய்கிறவர்கள், விளக்கு செய்கிறவர்கள், எண்ணெய்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு எழுதுவதாகக் கற்பனை. ‘ஐயா, வெளிநாட்டுப் போட்டியாளர் ஒருத்தர் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார். அடிமாட்டு விலைக்கு வெளிச்சத்தை நாட்டுக்குள் கொட்டுகிறார். அவர் தலை காட்டிய நிமிஷத்தில் எங்கள் வியாபாரம் படுத்துவிடுகிறது.’ யார் அந்தப் போட்டியாளர்? சூரியன்! ஆகவே ஜன்னல், சாளரம், திரை, கதவிடுக்கு, சின்னப் பொத்தல் உட்பட அத்தனையையும் அடைக்கச் சட்டம் போடுங்கள் என்கிறார்கள். அதனால் யாருக்கு லாபம் என்றும் கணக்குக் காட்டுகிறார்கள். மெழுகுவத்திக்குக் கொழுப்பு வேண்டும், அதனால் ஆடு மாடு பெருகும். ஆடு மாடு பெருகினால் இறைச்சி, கம்பளி, தோல் எல்லாம் பெருகும். எண்ணெய் வேண்டும், அதனால் ஒலிவ மரம் வளரும். திமிங்கிலம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கப்பல் ஓடும். எல்லாருக்கும் வேலை! போதாததற்கு இந்தச் சூரியன் மேல் ஒரு சந்தேகம் வேறு: மூடுபனி பிடித்த இங்கிலாந்திடம் மட்டும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறாரே, அவர்கள் ஏவிவிட்ட ஆளாக இருக்குமோ?

கைத்தட்டலுக்கு நன்றி. அது பாஸ்தியாவுக்குச் சேர வேண்டியது.

இவரைப் பணக்காரர்களின் வக்கீல் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 1848இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர், அடுத்த ஆண்டே தொழிலாளர்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்துப் பேசினார். வணிகர் சங்கப் பெரியவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹாயெக்குக்கு 1974இல் பொருளாதார நோபல் பரிசு, ஃப்ரீட்மனுக்கு 1976இல். ஃப்ரீட்மன் 1955இல் டெல்லிக்கே வந்து நம் திட்டங்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு, இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரிசீலித்த பொருளாதார நிபுணர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர்தான் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார். 

ராஜாஜி 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1959இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967இல் அது மக்களவையில் 44 இடம் பிடித்தது. எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலையைப் பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடியதை என் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிடுவார்: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். மதுவிலக்குக்காக அவ்வளவு மும்முரம் காட்டியவரைச் சுதந்திரவாதி என்று முழுசாகச் சொல்ல முடியுமா என்று நண்பர்கள் என்னை மடக்குவார்கள். முடியாதுதான். ஆனால் பூசாரியை அடையாளம் காட்டியவர் அவர்.

இந்த ஊரில் அந்தப் பூசாரி எங்கே இருக்கிறார்? தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை, இருக்கிற வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியது என்றால், கட்டணம் கட்டியதும் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். போன மாதம் பேருந்து நிலையத்து வாசலில் ஒரு பூக்கார அக்காவின் கூடையை லாரியில் ஏற்றினார்கள். தராசும் போனது. மூன்றாம் நாள் கூடை திரும்பியபோது மல்லிகை பழுப்பேறிக் கூடையோடு ஒட்டிக் கிடந்தது. தராசுத் தட்டு ஒன்றைக் காணோம். அபராத ரசீது மட்டும் கசங்காமல் இருந்தது. சட்டம் வரம் கொடுத்துவிட்டது. பூசாரி?

நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலைத் தீர்மானமாக்கித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். மூன்று பெண்களும் மன்னிக்க வேண்டும். வாசலில் நாற்காலி மேல் எங்கள் மனு இருக்கிறது. விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடத்து, கணக்கெடுப்பை முடி, இரண்டே கோரிக்கை. போகும்போது கையெழுத்துப் போடுங்கள், வார்டு எண்ணையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.