இருபது நிமிடம், மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம். நேபாளத்தில் முக்திநாத் போய் வந்தவன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "போக்ராவிலிருந்து ஜோம்சோம் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்?" முக்திநாத் கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் ஊர் ஜோம்சோம்; அங்கிருந்து ஜீப்பில் மேலே ஏற வேண்டும். போக்ராவிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 70 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 20 நிமிடம். அந்த 20 நிமிடம் எங்களுக்கு மூன்றாம் நாள் காலையில்தான் கிடைத்தது.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற தலத்தைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முக்திநாத்தைத்தான் அந்தத் திவ்யதேசமாக, அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலமாக, வைணவர்கள் கொள்கிறார்கள். அதிகாலை ஐந்தரைக்கே விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். போக்ராவில் வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் வழியில் மேகம் என்றார்கள். பத்து மணிக்கு, இன்று விமானம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளும் அதே கதை.

பத்து மணி என்ன கணக்கு? ஜோம்சோம் இருப்பது காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில். மேற்கே 8,167 மீட்டர் தௌலகிரி, கிழக்கே 8,091 மீட்டர் அன்னபூர்ணா. வெயில் ஏற ஏற வடக்கே திபெத் பக்கத்து மேட்டுநிலம் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து ஓடிவரும் காற்றுக்கு இந்த இடுக்குதான் வழி. முற்பகலில் பிடித்தால் சாயங்காலம் வரை ஓயாது. பிறகு ஜோம்சோம் தெருவில் நாங்களே பார்த்தோம்: அம்மா ஒரு கையால் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணில் விழுந்த மணலைத் துடைத்தபடி நடந்தார். அந்தக் காற்றில், முக்கால் கிலோமீட்டர்கூட நீளமில்லாத ஓடுபாதையில், 19 பேர் ஏறும் ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானத்தை எப்படி இறக்குவது?

விமானம் ரத்து என்றதும் எங்களோடு வந்தவர் ஒருவர் கவுண்டரில் சத்தம் போட்டார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். 2022 மே 29 அன்று இதே வழியில் கிளம்பிய விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்துபோனார்கள். முடியாது என்று ஒருவர் சொன்னால் அதை நமக்குச் செய்த உதவியாகத்தான் நான் நினைக்கிறேன்.

காத்திருக்க முடியாதவர்களுக்குச் சாலை இருக்கிறது. பேனி, தாதோபானி, மார்ஃபா வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பகல் போய்விடும், மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. ஆனால் சாலையில் ஒரு நன்மை: உடம்பு உயரத்துக்கு மெல்லப் பழகும். விமானத்திலோ 820 மீட்டரிலிருந்து 20 நிமிடத்தில் 2,700 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். முக்திநாத் அதற்கும் மேலே, 3,700 மீட்டரைத் தாண்டி. வயதானவர்களை அன்றே ஜீப்பில் ஏற்றாதீர்கள். ஜோம்சோமில் ஓர் இரவு தூங்க வையுங்கள். பயணத் திட்டத்தில் போகும்போது இரண்டு நாள், திரும்பும்போது ஒரு நாள் கையிருப்பாக விடுங்கள்.

மூன்றாம் நாள் ஆறரைக்கு எங்களை அழைத்தார்கள். பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும், காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்தார். வலப்பக்க ஜன்னலில் அன்னபூர்ணா, இடப்பக்கம் தௌலகிரி. அம்மா இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மிட்டாயைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார். சக்கரம் தரையைத் தொட்டதும் என் பக்கம் திரும்பி, "அதுக்குள்ளயா?" என்றார்.