வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் உங்கள் குரல் எங்கே போகிறது?

[திரையில்: அலுவலகக் கூட்டம். ஒருவர் பேசுகிறார்.]

"அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் என்னால் முடிக்க முடி…"

வணக்கம். இவர் சொன்னது 'முடியும்' என்பதா, 'முடியாது' என்பதா? மேசையின் மறுமுனையில் இருக்கும் மேலாளருக்கு அது கேட்கவில்லை. ஆனால் 'இந்த மனிதருக்கே தம்மீது நம்பிக்கை இல்லை' என்ற முடிவுக்கு மட்டும் அவர் வந்துவிட்டார்.

பாடப்புத்தகச் செய்தியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்று குரல்வளையிலுள்ள குரல் நாண்களை, ஆண்களிடம் நொடிக்குச் சுமார் 120 முறையும் பெண்களிடம் சுமார் 200 முறையும் அதிரச் செய்ய, தொண்டையும் வாயும் மூக்கும் அந்த அதிர்வைப் பேச்சாக்குகின்றன.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'இல்லை', 'முடியாது' என்பவற்றுக்கான சொற்கள் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடுகின்றன. தமிழிலோ பெரும்பாலும் வினைமுற்று கடைசியில்தான் வரும். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும். 'வருகிறார்' என்பதற்கும் 'வருகிறாரா' என்பதற்கும் இடையே இருப்பது ஓர் ஆகாரம் மட்டுமே. மூச்சு தீர்ந்து குரல் தேய்வதும் சரியாக அதே இடத்தில்தான். கல்யாணப் பந்தியில் முதல் சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, பாயசம் வரும்போது இலையை மடிப்பவரைப் போல, நாம் எழுவாய்க்கும் அடைமொழிகளுக்கும் காற்றைச் செலவழித்துவிட்டு, வினைமுற்றுக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறோம். எனவே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிகளை அப்படியே பின்பற்றும் தமிழர்கள் இந்த ஒன்றையும் சேர்த்துப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

மூச்சைப் பற்றி, தொல்காப்பியத்தில் எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியல் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று தொடங்குகிறது. உந்தி என்பது கொப்பூழ்; வளி என்பது காற்று. காற்று இருப்பது நுரையீரலில்தான் என்றாலும், மூச்சை இழுக்கும்போது நுரையீரலுக்கு அடியிலுள்ள தசையான உதரவிதானம் கீழிறங்கி வயிற்றை முன்தள்ளுவதால், கொப்பூழின்மேல் கை வைத்தால் அந்த அசைவை உங்களாலேயே உணர முடியும். தோள் மட்டும் உயர்ந்து வயிறு அசையாமல் இருந்தால், நீங்கள் மேல்மூச்சில் பேசுகிறீர்கள்.

[திரையில்: மார்கரெட் தாட்சரின் புகைப்படம்]

குரலைத் தாழ்த்தினால் மதிப்புக் கூடுமா என்று சிலர் கேட்கக்கூடும். 1979ஆம் ஆண்டு பிரிட்டனின் பிரதமரான தாட்சர் பயிற்சி பெற்றுத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்தான். ஆனால் பயிற்சியாளர் இல்லாமல் கட்டைக் குரலுக்கு முயன்றால் கம்பீரம் வருவதற்கு முன் தொண்டைக்கட்டு வந்துவிடும். கரகரப்பு மூன்று வாரங்களைத் தாண்டினால், என் காணொளிகளை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது கைபேசியை எடுத்து, "நீங்கள் கேட்ட விவரங்களை நாளை மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். கேட்டதும், 'ஐயோ, இதுவா என் குரல்!' என்று தோன்றும். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் காதை அடைவதால் கனமாகக் கேட்கிறது; பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. ஊரார் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவருவது பதிவில் உள்ள குரலைத்தான். பாவம், அவர்கள் பழகிவிட்டார்கள்.

அடுத்து, 'விவரங்களை' என்ற சொல்லுக்குப் பின் சற்றே நிறுத்தி, மூச்செடுத்து, அதே வாக்கியத்தை மீண்டும் சொல்லுங்கள். 'அனுப்பிவிடுகிறேன்' என்பதன் கடைசி 'றேன்' அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்டதா என்று அவரிடமே கேட்டுவிட்டு, அவருடைய பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.