தட்டம்மை ஊசி: 9 மாதமா, 12 மாதமா?

[திரையில்: சாங்கி விமான நிலையம். அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தை]

திருச்சிக்குப் போய் மொட்டை போட்டு, காது குத்திவிட்டு வர டிக்கெட் எடுத்தாயிற்று. குழந்தைக்கு 9 மாதம். அங்கிருந்து அப்பாயி போனில் கேட்கிறார்: "தட்டம்மை ஊசி போட்டாச்சா? இங்கெல்லாம் 9 மாசத்துலயே போட்டுடுறாங்களே!"

சிங்கப்பூரில் தட்டம்மைக்கான முதல் எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) 12 மாதத்தில்தான். அப்பாயி சொல்வதும் சரி, இங்குள்ள அட்டவணையும் சரி.

[திரையில்: கர்ப்பிணி. அவரிடமிருந்து குழந்தைக்குப் போகும் சிறு புள்ளிகள்]

வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடுகின்றன. பிறந்த பிறகு சில மாதங்களுக்கு அவைதான் காவல். சிக்கலும் அங்கேதான். ஊசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் கொஞ்சமாவது பெருகினால்தான் குழந்தையின் உடல் அதை அடையாளம் கண்டு, எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அதற்குள் அம்மாவின் எதிர்ப்பொருள்கள் அதை அடித்துத் துரத்திவிட்டால்? பிள்ளையின் வீட்டுப்பாடத்தை அம்மாவே எழுதிக் கொடுத்த கதைதான்.

மாதம் ஆக ஆக அந்தக் காவல் கரையும். 9 மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். 12 மாதத்தில் போட்டால் சுமார் 93. தட்டம்மை அதிகம் பரவும் ஊரில் அந்த 3 மாதம் காத்திருப்பது ஆபத்து. இங்கே பரவல் குறைவு, அதனால் காத்திருக்க முடிகிறது.

[திரையில்: நாள்காட்டி]

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. எதிர்ப்பொருள் உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும்.

15 முதல் 18 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. இது முக்கியமாக முதல் ஊசியில் பாதுகாப்பு கிடைக்காத அந்த ஏழு பேருக்காக. யார் அந்த ஏழு பேர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அதனால் எல்லாருக்கும் போடுகிறார்கள். இரண்டும் போட்டால் 100க்கு 97.

[திரையில்: மீண்டும் விமான நிலையம்]

சரி, திருச்சி டிக்கெட்? 6 மாதம் தாண்டிய குழந்தை தட்டம்மை பரவும் இடத்துக்குப் போவதானால், மருத்துவர்கள் முன்கூட்டியே ஓர் ஊசி போடுவதுண்டு. புறப்பட 2 வாரத்துக்கு முன்பாவது மருத்துவரைப் பாருங்கள். அந்த ஊசி கணக்கில் சேராது. 12 மாதத்தில் மறுபடி முதலிலிருந்து.

மொட்டையை 12 மாத ஊசி போட்டு 2 வாரத்துக்கு அப்புறம் வைத்துக்கொண்டால் இந்தக் கூடுதல் ஊசியே வேண்டியிருக்காது. அதை அப்பாயியிடம் யார் சொல்வது என்பது உங்கள் பாடு!