அனுமதி கேட்காத ரசிகர்கள்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, பின்வரிசையை முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

ஜப்பானியப் பாட்டுக்கு ரசிகராக இருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படி ஒரு தலைப்பு கிடைத்தால், பேசுபவர் முதலில் தன் ரசனைக்கு நியாயம் கற்பிக்கத் தொடங்குவது வழக்கம். மொழி புரியாமல் என்ன கேட்கிறாய், இதனால் உனக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்களே, அதற்கெல்லாம் மேடையில் பதில் சொல்லப் பார்ப்பார். நான் சொல்லப்போவதில்லை. தியாகராஜரின் தெலுங்கு புரிந்தா நம் சபாக்களில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்? அந்த வழக்கை இத்துடன் தள்ளுபடி செய்துவிடலாம்.

என் கட்சி இதுதான். ஜப்பானியப் பாட்டை ஆசியா முழுவதும் கொண்டு சேர்த்ததில் ஜப்பானிய இசை நிறுவனங்களுக்குப் பங்கு குறைவு. அந்த நிறுவனங்களைக் கேட்காமல், சில இடங்களில் அரசாங்கத்தையே மீறி, ரசிகர்கள்தான் அதைச் சுமந்துகொண்டு போனார்கள்.

தென்கொரியாவைப் பாருங்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த நாடு. பெயரைக்கூட ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்ன ஆட்சி அது. விடுதலைக்குப் பிறகு ஜப்பானியப் பாட்டுக்கும் படத்துக்கும் அங்கே கதவை அடைத்தார்கள். அந்தத் தடையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. காயம் பட்டவர்கள் கதவைச் சாத்திக்கொள்வதில் என்ன வியப்பு? ஆனால் 1990களில் சியோல் நகரத் தெருவோரத் தள்ளுவண்டிகளில் திருட்டு ஒலிநாடாக்கள் விற்றன. எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழுவை ஒரு தலைமுறையே அப்படித்தான் கேட்டது. தாத்தா அடிமைப்பட்ட கதையைப் பள்ளியில் படித்துவிட்டு, மாலையில் அதே நாட்டுக் குழுவின் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். இரண்டும் உண்மை, ஒன்று மற்றதை அழிக்கவில்லை. 1998-இல் அதிபர் கிம் டே ஜுங் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தார். ஜப்பானிய மொழியில் பாடிய இசைத்தட்டுகள் கடையில் விற்க 2004 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. எக்ஸ் ஜப்பான் 1997 டிசம்பரிலேயே கலைந்துவிட்டது! சட்டம் வந்து சேர்ந்தபோது ரசிகர்கள் கேட்டு முடித்திருந்தார்கள்.

ஹாங்காங்கில் இத்தகைய தடை இல்லை. அங்கே வேறு கூத்து நடந்தது. 1989-இல் கோண்டோ மசாஹிகோ பாடிய ஒரே ஜப்பானிய மெட்டை அனிதா முய், பிரிசில்லா சான் என்ற இரண்டு பெரிய பாடகிகள் அதே ஆண்டில் கான்டனீஸ் மொழியில் ஆளுக்கொரு பாட்டாகப் பாடினார்கள். ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். எம்.கே.டி.யா பி.யு. சின்னப்பாவா என்று சண்டை போட்ட பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தோனேசியக் கதை. இட்சுவா மயுமி என்ற பாடகிக்கு ஜப்பானில் பெரும்புகழ் தந்தது 1980-இல் வெளிவந்த 'கோய்பிதோ யோ'. ஆனால் ஜகார்த்தாவில் போய்க் கேட்டால், நடுத்தர வயதைக் கடந்தவர்கள் பாடிக்காட்டுவது 'கொகோரோ நோ தோமோ'. ஜப்பானில் அவ்வளவாக யாரும் பொருட்படுத்தாத பாட்டு அது. இந்தோனேசிய வானொலியில் ஒலித்து, வாய்க்கு வாய் பரவி, ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர்களும் முதல் அடியைப் பாடும் அளவுக்கு ஊறிவிட்டது. எந்த விளம்பரப் பிரிவு உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இது நடந்திருக்காது. இந்தோனேசியாவை ஜப்பானியப் படை 1942 முதல் 1945 வரை ஆக்கிரமித்திருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பானிய நிறுவனங்களுக்கு வெளியூர்க் காது பற்றிக் கவலை இருந்ததில்லை. உள்நாட்டுச் சந்தை உலகின் இரண்டாவது பெரிய இசைச் சந்தை. அது போதும் என்று இருந்துவிட்டார்கள். பின்வரிசையில் சிரிப்பவர்களுக்குத் தெரியும், யூடியூபில் 'உங்கள் நாட்டில் பார்க்க இயலாது' என்ற அறிவிப்பு. பார்க்க முடிந்தாலும் பல்லவியும் சரணமும் முடிந்தவுடன் வெட்டிவிடுவார்கள். முழுப் பாட்டு வேண்டுமானால் தட்டை வாங்கு.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. மரியா தகெயுச்சி 1984-இல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்'. 2017-இல் முகம் தெரியாத ஒரு ரசிகர் அதை யூடியூபில் ஏற்றினார். அதற்கு வைத்த படம்கூட அந்தப் பாட்டுக்கு உரியதில்லை. 1980-இல் வந்த வேறொரு இசைத்தட்டின் அட்டை. உலகமே கேட்டது. இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு 2019-இல் நிறுவனம் அதிகாரபூர்வக் காணொளி ஒன்றை வெளியிட்டது. முழுப் பாட்டா? இல்லை, ஒரு துண்டு! முழுக் காணொளி வர 2021 ஆயிற்று.

மட்சுபாரா மிகியின் கதை இதைவிடக் கனமானது. 1979-இல், இருபது வயதை ஒட்டி, 'மயொனாகா நோ டோவா' என்ற முதல் பாட்டைப் பாடினார். மெட்டு ஹயாஷி டெட்சுஜி. பிறகு அவர் மெல்ல இசையுலகை விட்டு விலகினார்; 2004-இல் புற்றுநோயால் இறந்தார், வயது 44. 2020-இல் ரைனிச் என்ற இந்தோனேசியப் பெண் தலையில் முக்காடு அணிந்தபடி, மென்குரலில் அதே பாட்டைப் பாடி இணையத்தில் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மட்சுபாராவின் மூலப் பதிவு ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியின் உலகளாவிய 'வைரல்' பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. 41 ஆண்டு கழித்து. பாடியவர் அதைக் காணவில்லை.

சுமந்து செல்வது ஒருவழிப் பாதையும் இல்லை. 'முத்து' 1998-இல் டோக்கியோவில் ஓடிய பெருமையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். ஜுன் எடோகி என்ற ஜப்பானியத் திரை விமர்சகர் சிங்கப்பூரில் அதைப் பார்த்து மயங்காமல் இருந்திருந்தால் அது அங்கே போயிருக்காது. அவரும் நம்மைப் போல ஒரு பைத்தியம்தான்.

ரசிகர்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டும் போக முடியாது. நிறுவனம் இந்த அன்பைக் கணக்குப் பார்த்து அறுவடை செய்யக் கற்றுக்கொண்ட இடமும் ஜப்பான்தான். ஏ.கே.பி.48 என்ற பெண்கள் பாட்டுக் குழு 2005-இல் டோக்கியோவின் அகிஹபராவில் சிறு அரங்கத்தோடு தொடங்கியது. நேரில் சந்திக்கக்கூடிய நட்சத்திரங்கள் என்பது அதன் முழக்கம். 2009 முதல் 2018 வரை, குழுவில் யார் முன்வரிசையில் நிற்பது என்று ரசிகர்களிடம் ஆண்டுதோறும் தேர்தல் வைத்தார்கள். வாக்குச்சீட்டு இசைத்தட்டோடு வரும். நூறு தட்டு வாங்கினால் நூறு வாக்கு. 2017-இல் ஃபுகுவோகா பகுதியில் ஒருவர் 500-க்கும் மேற்பட்ட தட்டுகளை மலைப்பக்கம் கொட்டிவிட்டுப் போய்க் காவல்துறையிடம் மாட்டினார். வாக்குக்காக வாங்கிய தட்டில் பாட்டு இருந்தது என்பதே மறந்துபோன நிலை. தமக்குப் பிடித்த பெண் முன்வரிசைக்கு வரவேண்டும் என்று சம்பளத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள்மீது எனக்கு மரியாதை கிடையாது. மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கச்சேரியில் அசைக்க ஓர் ஒளிக்குச்சி வாங்குங்கள், இரண்டாவதற்கு யோசியுங்கள்.

கடைசியாக 2024 ஜூன். டோக்கியோ டோம் அரங்கம். நியூஜீன்ஸ் என்ற கொரியக் குழுவின் ஹன்னி மேடைக்கு வந்து, மட்சுதா செய்கோ 1980-இல் பாடிய 'அவோய் சங்கோஷோ'வைப் பாடினார். ஹன்னி ஆஸ்திரேலியாவில் வியட்நாமியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிறந்த ஆண்டு 2004. ஜப்பானிய மொழிப் பாட்டு கொரியக் கடைகளுக்குச் சட்டப்படி வந்த அதே ஆண்டு. அரங்கம் அதிர்ந்தது. செய்கோவின் காலத்து இளைஞர்கள், இன்று நரை கண்டவர்கள், தங்கள் இருபது வயதை ஒரு கொரியக் குழுப் பெண்ணிடம் திரும்பப் பெற்றார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒலிபெருக்கி அன்பரிடம் மூன்று பாட்டுகள் கொடுத்திருக்கிறேன்: முதலில் இட்சுவா மயுமி, அடுத்து மட்சுபாரா மிகி, மூன்றாவதாக ரைனிச். கேட்டுவிட்டுக் கேள்விகளை வைத்துக்கொள்வோம். நன்றி, வணக்கம்.