டென்டுக்குள்ள ஹீட்டர் போட்டா கீழ ஐஸ் உருகிடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கனடாவுல பிராம்ப்டன்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணா, உறைஞ்ச சிம்கோ ஏரி மேல நாலு பேரு டென்ட் போட்டு, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போறோம். உள்ள கேஸ் ஹீட்டர் வெக்கலாம்னு இருக்கோம். அந்தச் சூட்டுல ஐஸ் உருகி நாங்க உள்ள போயிட மாட்டோமா? டென்டை அரசாங்கத்துல பதிவு பண்ணணுமா?"

உள்ள போயிட மாட்டீங்க தம்பி. கணக்கு போட்டே காட்டிடறேன். ரெண்டுக்கு ரெண்டு மீட்டர் டென்ட், அடியில 20 சென்டிமீட்டர் ஐஸ்னு வெச்சுக்குங்க. அது 730 கிலோவுக்கு மேல வரும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும். நீங்க வாங்குற சின்ன புரோப்பேன் ஹீட்டர் முழுசா எரிஞ்சா மணிக்கு 9,000 பிடியூ (சூட்டை அளக்குற அலகு), அதாவது சுமார் 2.6 கிலோவாட். அந்தச் சூடு மொத்தமும் ஐஸுக்குள்ளயே போனாலும் உருக்கி முடிக்க 26 மணி நேரம் ஆகும். ஆனா சூடான காத்து மேல ஏறி டென்ட் துணி வழியா வெளிய போயிடுது. கீழ இறங்குறது கொஞ்சம்தான்.

உண்மையில என்ன ஆகும்னா, மேல ஒரு சென்டிமீட்டர் போல இளகி சொதசொதன்னு தண்ணி நிக்கும். பூட்ஸ் நனையும், கால் விறைச்சுப் போகும். அதுக்குத் தரையில ஃபோம் பாய் விரிங்க. ஹீட்டருக்கு அடியில மட்டும் ஃபோம் வேணாம், பலகை வைங்க. நேரா ஐஸ் மேல வெச்சா ஒரு பக்கம் குழி விழுந்து சாயும்.

இப்ப நீங்க கேக்காத விஷயத்துக்கு வரேன். கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு. ஐஸ் மேல ஹீட்டரால வர்ற பெரிய ஆபத்து இதுதான், இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

டென்டோட அடியில சுத்தி ஒரு துணி மடிப்பு இருக்கும். காத்து உள்ள வராம இருக்க அதுமேல பனியை அள்ளிப் போட்டு மிதிச்சு மூடுவோம். அது சரிதான், இல்லன்னா டென்ட் பறந்துடும். ஆனா அதை மூடிட்டு, குளிருதுன்னு மேல இருக்கிற ஜன்னலையும் மூடினா உள்ள புதுக்காத்து வர வழியே இல்ல. நெருப்பு ஆக்சிஜனைத் தின்னுக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு விட ஆரம்பிக்கும். அதுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுத்தல். "காலையில சீக்கிரம் எழுந்தோம், குளிரு வேற"ன்னு நாமளே ஒரு காரணம் சொல்லிக்குவோம். அங்கதான் ஆபத்து.

"ஹீட்டர்லயே சென்சார் இருக்கு, தானா அணைஞ்சிடும்"னு கடையில சொல்லுவாங்க. அந்த சென்சார் பார்க்கிறது ஆக்சிஜன் குறையுதாங்கறதை மட்டும். கார்பன் மோனாக்சைடை அது அளக்கிறதில்ல. பர்னர்ல தூசி அடைச்சிருந்தா ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே அந்த வாயு வரலாம். அதனால பேட்டரில ஓடுற அலாரம் தனியா வாங்குங்க. வாங்கும்போது எத்தனை டிகிரி வரைக்கும் வேலை செய்யும்னு அட்டையில பாருங்க, வீட்டுக்குன்னு செஞ்ச பல அலாரம் பூஜ்யத்துக்குக் கீழ நம்ப முடியாது. உக்காந்தா தலை வர்ற உயரத்துல தொங்கவிடுங்க. மேல ஒரு ஜன்னல், கீழ ஒரு மூலையில ஜிப், ரெண்டும் எப்பவும் திறந்தே இருக்கணும். எத்தனை சதுர அங்குலம் திறப்பு வேணும்னு ஹீட்டரோட புத்தகத்துலயே போட்டிருக்கும். ஹீட்டரை எரியவிட்டுட்டு யாரும் தூங்கக் கூடாது. அலாரம் அடிச்சா சாமானைத் தேடாதீங்க, முதல்ல எல்லாரும் வெளிய, அப்புறம் அவசர உதவிக்கு 911.

ஜன்னல் திறக்க இன்னொரு காரணமும் இருக்கு. புரோப்பேன் எரிஞ்சா தண்ணி ஆவி வரும். 450 கிராம் சின்ன சிலிண்டர் ஒண்ணு தீர்றதுக்குள்ள முக்கால் லிட்டர் கிட்ட தண்ணி காத்துல கலந்திருக்கும். அது கூரையில உறைஞ்சு, பிறகு சொட்டி ஜாக்கெட்டை நனைக்கும். அந்த சிலிண்டர் முழு வேகத்துல ரெண்டரை மணி நேரம்கூட தாங்காது, குறைச்சு 4,000 பிடியூல வெச்சா அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும். கடுங்குளிர்ல சிலிண்டருக்குள்ள அழுத்தம் குறைஞ்சு சுடர் மங்கும். அதனால ஸ்பேர் சிலிண்டரை ஐஸ் மேல போடாம, துணி சுத்திப் பையில வைங்க. நெருப்பு காட்டி மட்டும் சூடு பண்ணாதீங்க.

உள்ள விழுற பயம் இருக்கட்டும், ஆனா அது டென்டுக்கு நடந்து போற வழியில இருக்கட்டும். தெளிவா, கருநீலமா இருக்கிற ஐஸ்தான் பலம். பனி கலந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், அதனால ரெண்டு மடங்கு கனம் வேணும். தனியா நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமா நிக்க 20ன்னு செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுது. நாலு பேரு ஒரே இடத்துல உக்காரப்போறீங்க, 20க்குக் குறைஞ்சா டென்ட் போடாதீங்க. கடப்பாரையால முன்னாடி குத்திக்கிட்டே நடங்க. தண்ணி வந்தா வந்த வழியே திரும்புங்க. ஏரியோட தெற்குப் பக்க விரிகுடா குக்ஸ் பே ஆழம் கம்மி, சீக்கிரம் உறையும். ஆனா அங்க ஹாலண்ட் ஆறு வந்து கலக்குற வாய் கிட்ட நீரோட்டம் இருக்கு. ஆதர்லி கால்வாய் பக்கமும் அப்படித்தான். மேற்குப் பக்க விரிகுடா கெம்பன்ஃபெல்ட் பே ரொம்ப ஆழம், கடைசியாதான் உறையும். நேத்து அங்க ஒருத்தர் நடந்தாருங்கறது இன்னிக்கு நமக்கு உத்தரவாதம் இல்ல.

டென்ட் பதிவு பண்ணணுமான்னும் கேட்டிருந்தீங்க. துணி டென்ட், 7 சதுர மீட்டருக்குள்ள இருந்தா ஒன்டாரியோவுல பதிவு தேவையில்ல.

கடைசியா ஒண்ணு, இது மீன் பிடிக்காதவங்களுக்கும்தான். கிராமப்பக்கம் வீடு வாடகைக்கு எடுத்திருக்கீங்கன்னா, வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸோட புகைக்குழாய் பெரும்பாலும் பக்கச் சுவர்ல தாழ்வா ரெண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாயா வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். காத்தோட பனி அடிச்சா அது மூடிடும். ஃபர்னஸ் நின்னுடும், இல்லன்னா அதே வாயு வீட்டுக்குள்ள வரலாம். பனி நின்னதும் கார் பாதையில பனியைத் தள்றதுக்கு முன்னாடி அந்தக் குழாயைச் சுத்தி இருக்கிற பனியை முதல்ல தள்ளுங்க. மண்வெட்டியால இடிச்சா உறைஞ்ச பிளாஸ்டிக் உடையும், கையாலயே எடுங்க.