அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் கொங்குப் பகுதி வீடுகளில் தொலைபேசி ஓய்வதில்லை. "சீட் நிரம்பிக்கொண்டிருக்கிறது, இன்றே அட்வான்ஸ் கட்டிவிடுங்கள்" என்கிறது ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் குரல். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தாயும், சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டும் தகப்பனும் பதறிப்போய் நகையை அடகு வைக்கிறார்கள். அவர்களிடம் பேசத்தான் வந்திருக்கிறேன். கட்டாதீர்கள். மதிப்பெண்படி இடம் ஒதுக்க அரசு நடத்தும் கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள்.

பொறியியலில் அரசு தரும் பெரிய சலுகைகள் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் முந்திக்கொண்டு சேர்ந்த பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒருவன் கட்டணமின்றிப் படிக்கிறான், பக்கத்தில் இருப்பவனின் வீட்டில் வட்டி ஏறுகிறது. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கோவை, சேலம், ஈரோடு ஆகிய ஊர்களில் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலந்தாய்வில் நீங்கள் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் அவற்றை மேலே வையுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரியானால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்தப் பாடப்பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா?" ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். வாசலில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கலை, அறிவியல் படிக்க விரும்பினால் கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, உடுமலை அரசு கலைக் கல்லூரி என்று பக்கத்திலேயே இடங்கள் உண்டு. தற்காலிகமாக அமர்த்தப்படும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் துறைகள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனாலும் வீட்டிலிருந்து இலவச பஸ் பாஸில் போய்வந்து, கடனில்லாமல் பட்டம் வாங்கும் பிள்ளை, பிடித்த வேலைக்கோ மேற்படிப்புக்கோ காத்திருக்க முடியும். கடன்பட்டவன் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கப்பட்டது. புத்தகத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது பெரிய துணை.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்; கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும். இன்னொன்று, கண்ணுகளே: அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்த பிறகு கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது.

வணக்கம்.